வெயில் படாத பாவாடை

வசந்தாமணி மஞ்சள் வைத்ததுதான் தப்பு என்று எங்கள் காஜாபட்டன் சந்தில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள்; வைத்தது தப்பில்லை, வைத்த கணக்குதான் தப்பு என்று வேறு சிலர் சொல்கிறார்கள்; நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் தப்பு என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை, ஆகையால் அதை நானே சொல்லிவிடுகிறேன். நான் துளசி, இட்லி மாவு விற்கிறவள். எனக்கும் அந்தப் பாவாடையில் ஒரு கண்ணாடி இருந்தது.

வசந்தாமணி சந்தில் நாலாவது வீட்டுக்காரி. திருப்பூர்க் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடத்தையும் எண்ணெய்க் கறையையும் ஊசி போட்ட ஓட்டையையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அது. அதை இருபத்திரண்டு வருஷம் செய்தவளிடம் எதையும் மறைப்பது கஷ்டம். புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் கீர்த்தனா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். வீட்டில் இருந்தால் நைட்டி, பால் வாங்க வந்தால் நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, கல்யாணம் காட்சி என்றால் ரோஸ் கலர் பாலியஸ்டர் சேலை. இதற்கு மேல் அவளிடம் உடுப்பு இருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

ஆனால் அவளுடைய இரும்பு பீரோவில், சேலைகளுக்குப் பின்னால், வேறு ஒரு பொம்பளைக்கான உடுப்பு நாலு வருஷமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. பீரோக் கதவின் உள்பக்கம் கம்பெனிக் கேட்லாக்கிலிருந்து கிழித்த தாள் ஒன்றை ஒட்டியிருந்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரி, செருப்பில்லாமல், தலையில் ஒரு துணியைக் கோணல்மாணலாகக் கட்டிக்கொண்டு, பத்து ஊர்த் துணியை ஒரே உடம்பில் போட்டுக்கொண்டு, எங்கே போகிறாய் என்று கேட்க யாருமில்லாதவள் மாதிரி நடந்து போவாள். கீழே போஹிமியன் என்று எழுதியிருந்ததாம். பக்கத்து மேசையில் நின்ற லில்லிதான், "நாடோடியா சுத்தறவங்க மாதிரி டிரெஸ்ஸுடி" என்று அர்த்தம் சொன்னாள். அந்த லில்லி வேலையை விட்டு, கேரளத்து வர்க்கலையில் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் இதே மாதிரித் துணிகள் விற்கிற கடை போட்டு, நீயும் வா, துணி பார்க்கத் தெரிந்த ஒருத்தி எனக்கு வேண்டும், இங்கே யாரும் உன்னை ஏன் என்ன என்று கேட்க மாட்டார்கள் என்று வருஷாவருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "உடுப்பு சேரட்டும், வரேன்" என்று வசந்தாமணியும் வருஷாவருஷம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாலியஸ்டர் சேலையோடு போய் இறங்க அவளுக்கு மனசில்லை.

அவசரப்பட்டு வாங்கவும் இல்லை. பட்டன் ஒன்று குறைந்ததால் கம்பெனியில் கழித்துப் போட்ட, கை அகலமான வெள்ளைச் சட்டை ஒன்று முதல் வருஷம் வந்தது. அதற்குப் பொருந்தின பட்டன் கிடைக்க எட்டு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கை வைக்காத மேல்கோட்டு ஒன்று, ஓரமெல்லாம் நூல் குஞ்சம். அதன் பழைய குஞ்சத்தைப் பிரித்துப் புதுசு கட்டினாள். பித்தளை, மரம், சங்கு என்று மூன்று வரிசை மணிமாலை. குஞ்சம் வைத்த தோள்பை. செம்மண் நிறத்தில் தலைத்துணி. எது எதோடு சேரும் என்பதைப் பீரோக் கண்ணாடி முன்னால் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்து, இரண்டு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சேராதது போலத் தெரிந்து பிறகு சேருவதை மட்டும் வைத்துக்கொண்டாள். கடைசியாகப் பாவாடை. ஒன்பது விதத் துணியை ஒன்பது பட்டையாக வெட்டி, கணுக்கால் வரைக்கும் சுருக்கு வைத்துத் தைத்தாள். எதிர்ச்சந்தில் வீடு காலி செய்த சேட்டு வீட்டார் போட்டுவிட்டுப் போன வாசல் தோரணத்திலிருந்து நாற்பத்தொரு சின்னக் கண்ணாடிகளைப் பிரித்து, சுற்றிலும் நூல்கட்டிப் பதித்தாள்.

புதுத் துணிக்கு ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் வைத்துத்தான் நாங்கள் உடுத்துவோம். ஒரு துணிக்கு ஒரு துளி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் செக்கிங்காரிக்கு எதையும் தனித்தனியாகப் பார்த்தே பழக்கம். ஒன்பது பட்டையும் ஒன்பது ஊரிலிருந்து வந்தது, அப்படியென்றால் ஒன்பது துணி. கண்ணாடியெல்லாம் இன்னொரு வீட்டு வாசலிலிருந்து வந்தது, அதற்கும் இது புது இடம்தானே என்று யோசித்து, மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு பட்டைக்கும், ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும், ஒன்றையும் விடாமல் வைத்தாள். அந்தக் கண்ணாடிகள் பழசு, வேறு வாசலில் எத்தனையோ பேர் வந்ததையும் போனதையும் பார்த்தவை, அவற்றைப் புதுசு என்று சொல்லி மஞ்சள் வைக்கலாமா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

புரட்டாசி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அதை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அடுத்த புதன்கிழமைக்கு வர்க்கலைக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தாள். எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா தண்ணீர்க் கேனை உருட்டிக்கொண்டு வந்தவள், நின்று, குனிந்து, மூன்றாவது வரிசைக் கண்ணாடி ஒன்றைப் பார்த்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பல்லடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அவள் புருஷன், அந்தக் காசளவு கண்ணாடிக்குள் ஏதோ ஊர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தாளு இன்னும் டீயை ஊதி ஊதித்தான் குடிக்கறாரு பாரு அம்மிணி" என்றாள் பாப்பாத்தியக்கா. கேனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு முக்காலியோடு திரும்பி வந்து பாவாடைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குள் சந்து முழுக்கப் பார்த்துவிட்டது; ஆளுக்கொரு கண்ணாடி, அதில் தூரத்தில் இருக்கும் அவரவர் ஆள். என்னுடையது இரண்டாவது வரிசையில் இருந்தது. தோஹாவில் வேலை செய்யும் என் மகன் அங்கே இன்னும் விடியாததால் இரும்புக் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வை கால்வரைக்கும் எட்டவில்லை. போனில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்பான். கால் குளிரும் என்று சொன்னதில்லை. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், அழுதுகொண்டே மறுநாளும் போனேன்.

வசந்தாமணி உடுத்தியிருந்தால்தான் கண்ணாடி காட்டும். கழற்றிவிட்டால் வெறும் பளபளப்பு. ஆகவே காலை ஏழிலிருந்து ஒன்பது, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு என்று அவள் நிற்கும் நேரம் தானாகவே அமைந்தது. யார் எந்த வரிசை, யாருக்கு எத்தனை நிமிஷம் என்று தண்ணீர்க்கேன் போடும் கொளந்தசாமியண்ணன் வகுத்தார்; அவர் கண்ணாடியில் எங்கோ போய்விட்ட அவர் தம்பி தெரிந்தார். ஒரு பக்கத்துக்காரர்கள் முடிந்ததும் அவள் கால்வாசி திரும்புவாள், அடுத்த பக்கத்துக்காரர்கள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பாப்பாத்தியக்கா தன் நேரம் முழுவதும் புருஷனைத் திட்டினாள். கம்பெனி ரூமில் தங்கியிருந்த ஒடிசாப் பெண் மமதா, நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்க வந்து, தன் அம்மா சாணி மெழுகும் முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். குனிந்து குனிந்து பார்த்ததில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வசந்தாமணிக்குக் கால் வீங்கியது, ஆனால் அதற்கு அவள் பழக்கப்பட்டவள்தான் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஒரு பயம் வந்தது: மஞ்சள் போனால் கண்ணாடியில் தெரிவதும் போய்விடுமே. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், தண்ணீரில் கரைந்துவிடும். இது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். கொளந்தசாமியண்ணன் அன்றைக்கே அவள் வாசலில் சாமியானாப் பந்தல் போட்டார். பாவாடையைத் துவைக்கக் கூடாது என்றோம். உடுத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகக் கூடாது என்றோம். பகலில் அவள் கதவைத் திறந்தால், எங்களில் யாராவது ஒருத்தி குடையோடு ஓடுவாள். ஊர் சுற்றுவதற்கென்று நாலு வருஷம் சேர்த்த உடுப்பில் ஒருத்தியைப் பந்தலுக்கு அடியில் நிறுத்திவைத்தோம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது அக்கறை மாதிரித்தான் இருந்தது.

இனி நாற்பத்தோராவது கண்ணாடி. அது பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே இருந்தது. அதில் ரயிலடி தெரிந்தது. அந்தப் பாவாடையும் தலைத்துணியும் தோள்பையுமாக வசந்தாமணியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். என்றைக்குப் பார்த்தாலும் போய்க்கொண்டே இருந்தாள், ஒருமுறையும் திரும்பவில்லை.

அவள் கண்ணுக்கு மட்டும் அது அகப்படாது. பாவாடையைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தால் அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிடும், அப்போது பின்னால் எது இருக்கிறதோ அதில் ரயிலடி தெரியும். பீரோக் கண்ணாடியில் திரும்பி நின்று பார்த்தால் வெளிச்சம்தான். போனில் படம் எடுத்தாலும் வெளிச்சம்தான்.

பிள்ளையார் கோயில் முக்கில் நின்று பேசினோம். பேசினோம் என்பதுகூட அதிகம். பாப்பாத்தியக்கா, "சொன்னாப் போயிருவா" என்றாள். கொளந்தசாமியண்ணன், "இப்பத்திக்கு வேண்டாமுங்க" என்றார். நான் என் மகனின் காலை நினைத்துக்கொண்டு கம்மென்று இருந்தேன். அந்த நேரத்தில் மமதா மட்டும் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள்; அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வசந்தாமணி கேட்காமல் இருப்பாளா? "பின்னால இருக்கறதுல என்னங்க தெரியுது?" என்று கேட்டாள். "மேகமாட்டத் தெரியுது அம்மிணி" என்றார் கொளந்தசாமியண்ணன். பாப்பாத்தியக்கா, "ஒரு கெணறு" என்றாள். நான் தென்னமரம் என்றேன். மேகம், கிணறு, தென்னமரம் மூன்றையும் கேட்டுக்கொண்டு அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். துணியில் ஓட்டை இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்று பார்க்கிற பார்வை.

அன்றிலிருந்து பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. மகளுக்கு ஏதோ ஆகப்போகிறது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள், சொல்ல வாய் வராமல் நிற்கிறார்கள் என்றே முடிவு செய்துகொண்டாள். புதன்கிழமை டிக்கெட்டைக் கேன்சல் செய்தாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கீர்த்தனாவைக் கூப்பிட்டாள். "பைக்ல ஏறாத கண்ணு", "லிப்ட்ல தனியாப் போகாத கண்ணு", "அந்தக் கேஸ் அடுப்பை அணைச்சியா கண்ணு" என்று நின்றபடியே பேசுவாள், நாங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்போம். மகள் முதலில் சிரித்தாள், பிறகு எரிந்துவிழுந்தாள், பிறகு போனை எடுப்பதைக் குறைத்தாள். எடுக்காத ஒவ்வொரு தடவையும் வசந்தாமணி கால் மாற்றி மாற்றி நிற்பதில் பாவாடையே அசைந்து, எங்கள் ஆட்களெல்லாம் கண்ணாடிக்குள் ஆடினார்கள். ஒருவேளை தனக்குத்தான் ஏதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றுமில்லை என்பதை அவள் நம்பவில்லை.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. ஆளாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் தினமும் மாவு கொடுத்தேன். பாப்பாத்தியக்கா பருப்பும் ரசமும் கொண்டுபோனாள், காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அதுதான் இன்னும் வினையாகப் போனது. சாவு வீட்டுக்குத்தான் இப்படிச் சோறு வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். நாங்கள் அன்பு காட்டக் காட்ட அவள் மெலிந்தாள்.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் லில்லி போன் செய்தாள். வசந்தாமணி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"வெள்ளைக்காரங்க வர ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் கடை திறக்கணும். நாளைக்கு நீ வரல்லேன்னா நான் வேற ஆள் வச்சிருவேன், பிறகு எங்கிட்ட வருத்தப்படாத."

"வைச்சுக்க லில்லி" என்றாள் வசந்தாமணி. "எனக்கு நேரம் சரியில்ல."

போனைப் பைக்குள் வைத்தாள். நாங்கள் மூச்சு விட்டோம். அந்த மூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை, மழை விட்ட சுள்ளென்ற வெயில். பந்தலுக்கு அடியில் வழக்கம்போல முக்காலிகள். ஷிப்ட் முடிந்து வந்த மமதா அம்மாவின் முற்றத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். எழும்போது வசந்தாமணிக்குப் பின்னால் கண் போயிற்று. கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழில், ரொம்பச் சாதாரணமாக, ஊருக்குப் போகிற ஒருத்தி ஊருக்குப் போகிற இன்னொருத்தியைக் கேட்பது மாதிரிக் கேட்டாள்:

"அக்கா, உங்க வண்டி எப்போ?"

"எந்த வண்டி?"

"டிரெயின் அக்கா. பின்னாடி கண்ணாடில போறீங்க இல்ல, பேக் போட்டு, ஸ்டேஷன்ல. டெய்லி போறீங்க. எப்போ வண்டி?"

மமதா எங்கள் முகங்களைப் பார்த்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பயந்து செருப்பைத் தேடினாள். வசந்தாமணி என் பக்கம் திரும்பினாள்.

"துளசியக்கா. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் வசந்தா."

"வேற ஒண்ணும் இல்லையா? கீர்த்தனா இல்லையா?"

"இல்ல வசந்தா. நீ மட்டும்தான். போயிட்டு இருக்கற."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இருபத்தேழு நாள்" என்றாள். "இருபத்தேழு நாளா எம்புள்ளைய மனசுக்குள்ள சாகடிச்சுச் சாகடிச்சு எழுப்பிட்டு இருந்தேனுங்க. நான் ஊருக்குப் போறேன்னு சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரலையா?"

பாப்பாத்தியக்கா, "நெம்ப வெசனமா இருக்குது அம்மிணி" என்று ஆரம்பித்தாள். வசந்தாமணி அதைக் கேட்க நிற்கவில்லை. உள்ளே போய் லில்லிக்கு போன் போட்டாள். ஆள் வைத்துவிட்டாயா என்று கேட்டாள். லில்லி என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை, இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை. பீரோ திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரத்தில் வெள்ளைச் சட்டை, குஞ்சம் வைத்த மேல்கோட்டு, மூன்று வரிசை மணி, செம்மண் நிறத் தலைத்துணி, தோளில் பை, கேட்லாக்குத் தாளில் இருந்தவள் மாதிரியே, ஆனால் காலில் ரப்பர் செருப்போடு, வந்து கதவைப் பூட்டினாள். மெலிந்த உடம்பில் அந்த உடுப்பு தொளதொளவென்று இருந்தது. அது தொளதொளவென்றுதான் இருக்க வேண்டும். அவள் அவ்வளவு அழகாக இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

பந்தலின் விளிம்பில் வெயில் கோடு போட்ட மாதிரி நின்றது. அதைத் தாண்டி அவள் காலை எடுத்து வைத்தாள்.

பாப்பாத்தியக்கா குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். வசந்தாமணியின் தலைக்கு அல்ல, பாவாடைக்குக் குடை பிடித்து, அறுபது வயசில் பாதி குனிந்து, பக்கத்திலேயே ஓடினாள். "மெதுவாப் போ அம்மிணி, ஒரு அஞ்சு நிமிசம், அந்தாளு இப்பத்தான் டீ சொல்லியிருக்கறாரு" என்று கெஞ்சினாள். நாங்களும் பின்னால் போனோம், யாருக்கும் தடுக்கத் தைரியமில்லை, விடவும் மனசில்லை. கோயில் முக்கு வந்தது. வசந்தாமணி நின்றாள். பாப்பாத்தியக்காவின் கையிலிருந்து குடையை மெல்ல வாங்கி, மடக்கி, பட்டனைப் போட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வெயில் படட்டுங்கக்கா."

பட்டது. ஒன்பது பட்டையிலும் நாற்பத்தொரு கண்ணாடியிலும் இருந்த மஞ்சள் எங்கள் கண்முன்னால் வெளுத்தது. முதலில் கொளந்தசாமியண்ணனின் தம்பி போனார். மமதாவின் முற்றம் போயிற்று. என் மகன் சுவரைப் பார்த்தபடியே, திரும்பாமலே போனான். போர்வை கடைசிவரைக்கும் கால்வரை எட்டவில்லை. கண்ணாடிகளெல்லாம் கண்ணாடியாயின. அவற்றில் தெருவும் வானமும் வாயைத் திறந்துகொண்டு நின்ற நாங்களும் தெரிந்தோம். வசந்தாமணி ஸ்டேஷன் ரோட்டில் திரும்பினாள். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும்.

பாப்பாத்தியக்கா மட்டும் மடக்கின குடையோடு அங்கேயே நின்றாள். பிறகு நடந்து எங்களிடம் வந்தாள்.

"கடைசியா எங்கண்ணாடில நாந்தான் தெரிஞ்சேன்" என்றாள். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "பதினோரு வருசத்துல இப்படி ஆயிட்டனா? தினம் என்னையப் பாக்கறீங்களே, ஏன் ஒருத்தரும் சொல்லல?"